செண்பகம் மதினியும் ஆறாம் மாதத்து ஊசியும்

1

போன வாரம் என் மகளை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்னால் இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிற ஊசிதான். செவிலி மருந்தை உறிஞ்சப் போகும்போது, "கொஞ்சம் பொறுங்கள், அந்தக் குப்பியை நான் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பெயரைப் படித்தேன், கெடு தேதியைப் படித்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். செவிலி புன்னகை மாறாமல் நின்றாள். இந்த ஊர்க்காரர்கள் கோபத்தையும் இதே புன்னகையோடுதான் காட்டுவார்கள் என்பது எனக்குப் பிடிபடவே சில வருஷங்கள் ஆயின.

என் மகள் அந்தச் செவிலிக்கு ஆறுதல் சொல்வதுபோல ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்கம்மா அப்படித்தான். யாரையும் நம்பமாட்டாள்."

இன்னும் ஐந்து வயதுகூட ஆகவில்லை. குற்றாலத்து அம்மன் பெயரை, குழல்வாய்மொழி என்று, ஆசையாக வைத்தேன். பாலர் பள்ளியில் அது யார் வாயிலும் நுழையாமல் மாலி ஆகிவிட்டது. இப்போது வீட்டில் நான் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் புரிகிறது, அதுவரை சந்தோஷம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஏம்மா நம்பமாட்டே?" என்று கேட்டாள். அதை மட்டும் தமிழில் கேட்டாள். பெரியவள் ஆனதும் சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். அவள் பெரியவள் ஆகும்போது தமிழ் படிப்பாளா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆகையால் ஊரில் இருக்கிற உங்களுக்கு முதலில் எழுதிவிடுகிறேன்.

2

இவள் வயிற்றில் இருந்தபோது இங்கிலாந்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வடக்கே ஒரு பஞ்சாலை நகரம். என் வீட்டுக்காரருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை. கர்ப்பிணிகளைச் சோதிக்கும் இடத்தில் ஒரு நாள் என்னிடம் கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் எடுக்கவில்லை. "எனக்கு மட்டும் எதற்கு?" என்று கேட்டேன். "உங்கள் நாட்டில் பிறந்தவர்களுக்கு எடுக்கிறோம்" என்றார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

அடுத்த முறை போனபோது என் கோப்பில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. பிள்ளை பெறுவதற்குத் தனி அறை என்றார்கள். என் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைத் தொடுகிற பெண் கையுறை போட்டுக்கொண்டாள். தென்காசியில் எங்கள் தெருவில் யார் யாருக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒதுக்குவது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

மோரீன் என்று ஓர் அயர்லாந்துக்கார மருத்துவச்சி உட்கார்ந்து விளக்கினாள். என் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்குகிற ஒரு கிருமி இருக்கிறதாம். ஹெப்படைட்டிஸ் பி என்று பெயர். எனக்கு ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறதாம். ஆனால் பிள்ளை பிறக்கும்போது அதற்கும் போய்விடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடுமாம். பிறந்த குழந்தைக்கு வந்தால் போகாது, உள்ளேயே தங்கும், முப்பது நாற்பது வயதில் கல்லீரலைத் தின்றுவிடும். பிறந்தவுடனே இரண்டு ஊசி போட்டால் தடுத்துவிடலாம். பிறகு ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று.

"எதிலிருந்து செய்கிறீர்கள் இந்த மருந்தை?" என்று கேட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் கிருமி இருக்கிற மனிதர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து, சுத்தம் செய்து எடுப்பது என்றாள். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அப்போது பத்திரிகைகளில் ஒரு நாள் தவறாமல் எய்ட்ஸ் செய்தி. ரத்தத்தில் பரவுகிறது, மருந்தே கிடையாது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரோ பெயர் தெரியாதவன் ரத்தத்தை என் பச்சைப்பிள்ளை தொடையில் ஏற்றவா? முதலில் நம் நாட்டுப் பிள்ளைகளிடம் பார்த்துவிட்டு, பிறகு அவர்கள் பிள்ளைகளுக்குப் போடுவார்கள் போலிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அவர், "படித்தவர்கள் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடு" என்றார். எதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுகிற மனிதர் அவர்.

மோரீனிடமே மறுபடி போனேன். "உன் பிள்ளையாக இருந்தால் போடுவாயா?" என்று கேட்டேன். அவள் சட்டைக் கையைச் சுருட்டி மேற்கையைக் காட்டினாள். "நானே போட்டுக்கொண்டிருக்கிறேன். இதே மருந்துதான். தினமும் ரத்தத்தில் கை வைக்கிறவர்கள் இல்லையா நாங்கள்?" என்றாள். தன் உடம்பில் ஏற்றிக்கொண்டதை எனக்குத் தருகிறாள் என்றதும்தான் சம்மதித்தேன். குழல்வாய்மொழி பிறந்தவுடனே இரண்டு தொடையிலும் ஊசி போட்டார்கள்.

ஆனால் நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு டாக்டர் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தேன். ஒருவேளை ஊசி சரியாகக் கொதிக்க வைக்காததால் இருக்கலாம், பெரும்பாலும் உன் தாயிடமிருந்து வந்திருக்கும் என்றார். "உன்னோடு பிறந்தவர்கள் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்ததா?"

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் பாதி வழி வரும்போது என் அண்ணன் வயிறு ஞாபகம் வந்தது.

3

அண்ணன் பெயர் குற்றாலிங்கம். சாரல் காலத்தில் ஐந்தருவியில் துண்டு, சோப்பு, தேய்த்துக் குளிக்க எண்ணெய் என்று கடை போடுவான். மற்ற மாதங்களில் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்பான். கெட்ட பழக்கம் கிடையாது. சிவகிரியிலிருந்து பெண் எடுத்தோம். செண்பகம் மதினி. அதிகம் பேசமாட்டாள், கை மட்டும் நிற்காமல் வேலை செய்யும். கல்யாணமாகி நாலைந்து வருஷம் பிள்ளை இல்லை.

எழுபதுகளின் கடைசியில் அண்ணனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம், உப்பில்லாமல் சாப்பிட்டான். கொஞ்சம் தெளிந்தது, மறுபடி மஞ்சளித்தது. கையும் காலும் குச்சியாக மெலிய, வயிறு மட்டும் நீர் கோத்து முன்னால் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று பேச்சு வந்தபோது, எங்களைப் பெற்ற அம்மை செங்கோட்டைப் பக்கம் மருந்தெடுக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தாள்.

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். ஆகாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கரைக்கும். அதற்கு 'மருந்து வைப்பது' என்று பெயர். அதை வாந்தியாக எடுத்துக் காட்டுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். வந்தவர் பச்சிலைச் சாறு கொடுத்தார். அண்ணன் குடல் வெளியே வருகிறாற்போல வாந்தி எடுத்தான். மண்சட்டியில் கறுப்பாக, மயிர் சுற்றினாற்போல ஏதோ கிடந்தது.

"இது வெளியாள் வச்சதில்ல ஆச்சி. தினம் சோறு போடுத கைதான்" என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

எல்லாரும் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தோம். மதினி அங்கே உலை வைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணும் வைக்கல அத்தை" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அவள்தான் வைத்தாள் என்று அன்றைக்கு நம்பாதவர்கள் எங்கள் தெருவிலேயே கிடையாது, நானும் நம்பினேன். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள வைத்தது, அளவு கூடிப்போயிற்று என்று காரணமும் கண்டுபிடித்தார்கள். அண்ணன் செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினியின் தம்பி வந்து அவளைச் சிவகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். யாரும் வாசல்வரை போகவில்லை.

4

குழந்தையின் முடியை இலஞ்சி முருகனுக்குத்தான் இறக்கவேண்டும் என்று அம்மை நேர்ந்திருந்தாள். ஆறாம் மாதத்து ஊசி வரும் சமயத்தில்தான் நாங்கள் ஊருக்குப் போவதாக இருந்தது. தென்காசியில் அந்த மருந்து கிடைக்க வழியில்லை. மோரீன் டாக்டரிடம் பேசி ஒரு குப்பியை வாங்கி, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில், துணி சுற்றி வைத்துத் தந்தாள். குளிர்ச்சியில் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது, உறைந்தால் பயனில்லை என்று பாடம்போலச் சொன்னாள். ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் ஊசியும் கொடுத்தாள். சென்னை விமான நிலையத்தில் சுங்கக்காரர் பிளாஸ்கைத் திறந்து மோந்து பார்த்தார். குழந்தைக்கு என்ன நோய் என்றார். நோய் வராமலிருக்கத்தான் என்றேன். நோய் இல்லாத பிள்ளைக்கு லண்டனிலிருந்து மருந்தா என்று என்னையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

தென்காசியில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை அண்ணாச்சியிடம் குளிர்பெட்டி இருந்தது. "ஐஸ் தட்டுல மட்டும் வச்சிராதிய அண்ணாச்சி, உறைஞ்சா மருந்து செத்துரும்" என்றேன். "மருந்துக்கு உசிரு வேற இருக்காக்கும்!" என்று சிரித்துக்கொண்டே கலர் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தார். மின்சாரம் போகும்போதெல்லாம் நான் போய் நின்றேன். அவருக்கு என்னைக் கண்டாலே அலுத்துப்போயிற்று.

முடி இறக்கினோம். காது குத்த மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசாரியின் ஊசி எத்தனை காது பார்த்ததோ. அம்மைக்கு அதிலேயே மனத்தாங்கல். அதற்கு மேல் ஆறாம் மாதத்து ஊசியைப் பற்றிச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்க புள்ளைக்கு என்னத்துக்குட்டி ஊசி?"

"நோவு வராம இருக்கதுக்குத்தாம்மா."

"என்ன நோவு?"

நான் சொன்னேன். என் ரத்தத்தில் இருப்பதைச் சொன்னேன். டாக்டர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். அண்ணன் பெயரை நான் எடுக்கவே இல்லை. அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அப்பம் என் மவன நான்தான் கொன்னேங்கியா?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"வேற எப்படிச் சொல்லுத? வெள்ளக்காரன் சொன்னானாம், இவ கேட்டுட்டு வந்தாளாம். அவ வச்ச மருந்த நான் கண்ணால பாத்தேன்ட்டி, சட்டியில கெடந்துது! இந்த வீட்டுல வச்சு என் பேத்தி ஒடம்புல அந்த ஊசி ஏறாது. சொல்லிப்புட்டேன்."

அந்தச் சின்னக் குப்பிக்கும் செண்பகம் மதினிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊசி தேவை என்று ஒப்புக்கொண்டால் நோய் அம்மை வழி வந்தது என்று ஆகும். அம்மை வழி வந்தது என்றால் மதினி எதையும் வைக்கவில்லை. அம்மை அதற்காகவே ஊசி போட விடமாட்டாள். எனக்குப் பயம் பிடித்தது. அன்றிலிருந்து குழந்தையை அவளிடம் தனியாக விடவில்லை. பெற்ற தாயை அப்படிச் சந்தேகப்பட்டேன், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

5

ஊசி போட டாக்டரிடம் சொல்லி வைத்திருந்த நாளில் மருந்துக்கடைக்குப் போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"காலையிலயே ஆச்சி வந்து வாங்கிட்டுப் போயிட்டாவளே. நீ சொல்லிவிட்டேன்னுல்லா சொன்னாவ."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. சிற்றாற்றில் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு தூரத்திலிருந்து, எத்தனை பேர் கண்ணுக்குத் தப்பி, ஒரு பச்சைப்பிள்ளையைப்போலத் தூக்கிக்கொண்டு வந்தேன்! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இனி என்ன செய்வது என்று கேட்க டாக்டரிடம் போனேன்.

அங்கே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அம்மை இருந்தாள். மடியில் ஒரு செம்பு, அதன்மேல் ஈரத்துணி.

"எம்மா, என்ன செஞ்ச அத?"

"கத்தாதட்டி. தண்ணிக்குள்ள வச்சிருக்கேன். ஐஸ்ல வைக்கக்கூடாதுன்னு நீதான அந்தக் கடைக்காரன்ட்ட சொன்ன?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ சொன்னா நான் நம்பமாட்டேன். நம்ம ஊரு டாக்டர்ட்ட நானே கேக்கணும்."

எங்கள் முறை வந்தது. டாக்டர் வயதானவர், அந்த மருந்தைப் பற்றிப் படித்திருக்கிறார், போட்டதில்லை. குப்பியை வாங்கி, என்னைப்போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வெளியே இருந்ததால் கெட்டுப்போகாது என்றார். அம்மை நின்றுகொண்டே கேட்டாள்.

"ஐயா, பெத்தவ ரத்தத்துல இருந்து புள்ளைக்கு இந்த நோவு போவுமா?"

"போகும்மா."

"பெத்தவ நல்லா இருந்தாலுமா?"

"நல்லா இருக்கவங்கட்ட இருந்துதான் தெரியாமலே போவுது."

"சோத்துல வச்சுக் குடுத்தா?"

"இது சோத்துல வராது."

அம்மை அண்ணனைப் பற்றிச் சொன்னாள். கண் மஞ்சளித்ததையும் வயிறு நீர் கோத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். செத்தவர் ரத்தத்தை நான் பார்க்கவில்லையே என்றார் டாக்டர். ஆனால் சொல்கிற அடையாளமெல்லாம் கல்லீரல் கெட்டதன் அடையாளம்தான் என்றார்.

அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எங்கம்மையும் இப்படித்தான்ட்டி வயிறு வீங்கிச் செத்தா. நான் அப்பம் சின்னப்புள்ள. அவளுக்கு யாரு மருந்து வச்சா?"

இதுவரை அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் படுத்த நாளிலிருந்து அவள் மனசுக்குள் அந்தச் சந்தேகம் கிடந்திருக்கிறது. தன்மேலேயே சந்தேகப்பட்டவள், அதை மறைக்க மதினியைக் காட்டியிருக்கிறாள்.

"போடுங்க ஐயா" என்றாள். குழந்தையின் காலை அவளே பிடித்துக்கொண்டாள்.

6

மறுநாள் அம்மையும் நானும் குழந்தையோடு பேருந்து ஏறி, கடையநல்லூர், புளியங்குடி தாண்டிச் சிவகிரிக்குப் போனோம். மதினி தன் தம்பி வீட்டின் பின்கட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். முன்கட்டில் ஓர் அடுப்பு, பின்கட்டில் அவளுக்குத் தனியாக ஓர் அடுப்பு. மருந்து வைத்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்னாலேயே சிவகிரிக்கு வந்து சேர்ந்திருந்தது. தம்பி பெண்டாட்டி அவளை அடுப்படிக்குள் விடுவதில்லை.

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்கும் இது வரலாம், ஆகையால் அவளும் ஒருமுறை ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னேன். மதினி தலை நிமிராமல் இலையில் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில் அம்மையைப் பார்த்தாள்.

"நான் வைக்கலன்னு அன்னைக்கே சொன்னம்லா அத்தை. இப்பம் டாக்டர் சொன்னாத்தான் நம்புவியளோ?"

அம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் குழந்தையை நீட்டினேன். "ஒங்க மருமவ மதினி. தூக்குங்க."

மதினி கையை நீட்டவில்லை. பீடித்தட்டைக் கொஞ்சம் இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் வடிவு. நாளைக்கு இந்தப் புள்ளைக்கு வயித்தால போச்சுன்னா, அதுக்கும் நான்தான்னு சொல்லுவாவ."

அவள் என்மேல் சந்தேகப்படுகிறாள், அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. அம்மைதான் மெல்லப் பேசினாள்.

"எனக்குப் பசிக்கி தாயி. ஒன் கையால ஒரு வாய் சோறு போடு."

மதினி அம்மையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து கையைக் கழுவினாள். தட்டில் சோறு போட்டு, புளிக்குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள். அம்மை கையை நீட்டினாள். மதினி தட்டைக் கொடுக்கவில்லை. எங்கள் எதிரே உட்கார்ந்து, அதிலிருந்து ஒரு வாய் உருட்டித் தானே தின்றாள். எங்களைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். கொஞ்சம் பொறுத்திருந்தாள். பிறகு அந்தத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு வேறு தட்டு எடுக்க எழுந்தாள்.

"இப்பம் ஒங்களுக்குப் போடுதேன்" என்றாள்.

அது எங்களைக் குத்திக்காட்டுவதற்காகச் செய்ததல்ல. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் தான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பாளாம். அம்மை, எச்சில் என்றால் பெற்ற பிள்ளையின் தம்ளரையே தொடாதவள், மதினி தின்ற அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். அழுகையும் சோறும் சேர்ந்து அவளுக்குப் புரை ஏறியது.

7

ஒரு வயதில் மாலியின் ரத்தத்தை இங்கே சோதித்தார்கள். கிருமி இல்லை. எங்கம்மையின் அம்மையிலிருந்து இறங்கி வந்தது என்னோடு நின்றுவிட்டது. அன்றைக்கு மோரீன் என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் கூச்சப்படாமல் கட்டிக்கொண்டேன். இருந்தாலும் அடுத்த ஊசிக்கும் குப்பியை வாங்கிப் பார்க்கத்தான் செய்வேன்.

ஊரிலிருந்து வந்த ஒருவர் போன மாதம் சொன்னார். அம்மை மாதம் ஒருமுறை தவறாமல் சிவகிரிக்குப் போய், மதினி கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறாளாம். "நீ தின்னு காட்ட வேண்டாம் தாயி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாளாம். மதினி இன்றைக்கும் முதல் வாயைத் தான் தின்ற பிறகுதான் சோறு போடுகிறாளாம்.